மஞ்சள் காமாலை என்று சொன்னேன்

"இந்தப் பிள்ளைக்குத் தலையில எப்பவாவது ரேடியேஷன் குடுத்திருக்காங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கையில் முந்தின நாள் எடுத்த ஸ்கேன் படம் இருந்தது. கட்டிலில் என் மகள் அமலி கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்த அவளை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்த வசந்தா டீச்சர், மறுநாள் காலையில் பன்னும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். என் மனைவி ரோஸ்லின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றேன். "சின்னதுல மஞ்சக்காமாலை வந்துச்சு. வேற ஒண்ணும் கெடையாது."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு 'இல்ல'வைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நோயைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற தகப்பன் தாய்க்கு, நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

எனக்கு வேலை சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில். நான் கீழே இறங்குகிறவன் இல்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. மேலே நின்று, கீழே போனவர்களுக்குக் காற்றுப் போகும் குழாயையும் கயிற்றையும் பார்த்துக்கொள்கிறவன். கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏலே, கீழ நமக்கு மூச்சு முட்டுததுக்கு முன்னாடி மேல இவனுக்கு முட்டிரும்லே" என்று வள்ளத்தில் கேலி பேசுவார்கள். வீட்டிலும் நான் அப்படித்தான். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். இத்தனை கவலைப்படுகிறவன் கவலைப்பட வேண்டிய ஒன்றை மட்டும் எட்டு வருஷம் பொத்தி வைத்திருந்தேன்.

அமலிக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகத் திட்டுகள். நான் கிள்ளினேன் என்று அவள் அம்மா நினைத்தாள்; அவள் அம்மா கிள்ளினாள் என்று நான் நினைத்தேன். அதற்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். அப்புறம் பல்விளக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். தூத்துக்குடியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

இரத்தப் புற்றுநோய். உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய வெள்ளை அணுக்கள் வளராமல் குஞ்சாக இருக்கும்போதே கூட்டம் கூட்டமாகப் பெருகி, நல்ல இரத்தத்துக்கு இடம் இல்லாமல் ஆக்கிவிடுமாம். பிள்ளைகளுக்கு வருகிறதில் பெரும்பாலும் மருந்து கேட்கும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டரை வருஷம் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தோம். பஸ்ஸில் அவள் வாந்தி எடுக்காத வளைவு அந்தப் பாதையில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டுக்காரர்கள் யாராவது எலுமிச்சம்பழம் நீட்டுவார்கள். அவ்வளவு எலுமிச்சம்பழம் எங்கேயிருந்துதான் கொண்டுவருவார்களோ.

மதுரையில் தலைக்கு ரேடியேஷன், அதாவது கதிர், கொடுக்க வேண்டும் என்று சொன்ன அன்று, பெரிய டாக்டர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். இரத்தத்தில் ஏற்றுகிற மருந்து மூளைக்குள் சரியாகப் போகாது. அங்கே ஒன்றிரண்டு கெட்ட அணு ஒளிந்திருந்தால் பிற்பாடு திரும்பி வரும். அதனால்தான் கதிர். அதற்கு மேலும் சொன்னார். ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து நடுவில் கோடு கோடாக இழுத்து, 'வெண்பொருள்' என்று ஒரு வார்த்தை சொன்னார். "பின்னால படிப்புல கொஞ்சம் மந்தம் வரலாம். எல்லாருக்கும் வராது. வந்தா பாத்துக்கிடணும். செக்கப் விட்டுறக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்," என்றேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால், எது வரைக்கும் படித்திருக்கிறாய் என்று கேட்பார். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் எத்தனையோ 'புரியுது' சொல்லியிருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் என் பிள்ளையின் தலையைப் பற்றியவை இல்லை.

வெளியே வந்ததும் ரோஸ்லின் கேட்டாள். "என்ன சொன்னாவ?"

"கையெழுத்துப் போடச் சொன்னாவ. போட்டுட்டேன்."

அவ்வளவுதான் அவளுக்குச் சொன்னது.

கதிர் கொடுக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காக ஒரு முகமூடி செய்தார்கள். வெள்ளை நிறத்தில் வலை மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு பிளாஸ்டிக் தகடு. அதை வெந்நீரில் போட்டு இளக்கி, பிள்ளையின் முகத்தில் வைத்து அமுக்கினால் அவள் மூக்கு, நாடி, நெற்றி எல்லாம் அப்படியே பதிந்து இறுகிவிடும். பிறகு தினமும் அதை முகத்தில் மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். கதிர் ஓடுகிற சில நிமிஷம் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. நாங்கள் வெளியே டிவி பெட்டியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் நாள் அவள் அலறிய அலறலில் மயக்க மருந்து கொடுக்கலாம் என்றார்கள். "ஒரு நிமிஷம் சார்" என்று நான் உள்ளே போனேன். "பிள்ளே, இது நம்ம வள்ளத்துல மாமாமாரு மாட்டுத கண்ணாடி இருக்குல்லா, அது மாதிரி. நீ இப்பக் கடலுக்குள்ள போற. அசையக் கூடாது. அசைஞ்சா மீனெல்லாம் ஓடிரும். அப்பா மேல கயித்தைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்."

அவள் அசையவில்லை. ஞாயிறு நீங்கலாக இரண்டு வாரம், ஒரு நாளும் அசையவில்லை. வெளியே வந்ததும் எத்தனை மீன் பார்த்தாள் என்று கணக்குச் சொல்வாள்.

முதுகில் ஊசி போட்டு, முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்துவதும் உண்டு. அதற்கு ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, நாடியை நெஞ்சில் வைத்துச் சுருண்டு படுக்க வேண்டும். அங்கே இருந்த ஒரு நர்ஸ் "குட்டி இறால் எங்க? இறால் எப்படிப் படுத்திருக்கும்?" என்பாள். அமலி உடனே சுருண்டுகொள்வாள். நான் அவள் பிடரியில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் நான் செய்த நல்ல காரியங்கள். இவற்றைத்தான் பிற்பாடு நானே இல்லை என்று ஆக்கினேன்.

பொய் என் மச்சான் ஜூடு கொடுத்த யோசனை. முடியெல்லாம் கொட்டிப்போய்ப் பிள்ளையைத் தெருவில் இறக்கியபோது கேள்வி மேல் கேள்வி. "பொம்பளப் பிள்ள மச்சான். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும். தலைக்குக் கரண்டு வச்ச பிள்ளன்னு பேரு விழுந்துரும். மஞ்சக்காமாலைன்னு சொல்லிருங்க. மஞ்சக்காமாலை வந்த பொண்ணை எவனும் வேண்டாம்னு சொன்னதில்ல."

சொன்னோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கீழாநெல்லி வந்த வரத்து இருக்கிறதே! தெருவில் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு வந்து தந்தார்கள். மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு பெரியம்மா பஸ் ஏறி வந்து, அரைத்து மோரில் கலக்கி, அமலி குடிக்கிறாளா என்று எதிரே உட்கார்ந்து பார்த்தார். "கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு, ஏளா ரோஸ்லினு" என்றார். அந்தக் கண்ணில் மஞ்சளே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு சத்துணவு முட்டையை அவள் தட்டில் வைக்க மாட்டேன் என்றார்கள். காமாலை வந்த பிள்ளைக்கு முட்டை ஆகாதாம். உடம்பு தேற முட்டை முட்டையாகக் கொடுக்கச் சொன்ன பிள்ளை, எதிர்த் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் சாப்பிட்டாள்.

அமலியிடமும் மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னோம். வருஷத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போவது ஈரல் செக்கப் என்று சொன்னோம். அதையும் இரண்டு வருஷமாக நிறுத்திவிட்டேன். எதையாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மூன்றாம் வகுப்பிலிருந்துதான் தெரிய ஆரம்பித்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இல்லை. கேட்டால் பதில் வர நேரமாகும். 'ஏழெட்டு எத்தன?' என்று கேட்டால் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாம் பொறுக்க மாட்டாமல் திட்ட ஆரம்பித்த பிறகு, திட்டுக்கு நடுவில் "அம்பத்தாறு" என்பாள். கரும்பலகையில் எழுதியதை அவள் பாதி எழுதுவதற்குள் அழித்துவிடுவார்கள். இரண்டு காரியம் சேர்த்துச் சொன்னால் ஒன்றைச் செய்துவிட்டு நிற்பாள்.

மதுரை டாக்டர் சொன்ன 'மந்தம்' எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்ததும் அதைக் கீழே அமுக்கினேன். அது உண்மை என்று வைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலை பொய் என்று ஆகிவிடும். அதைவிட அவள் சோம்பேறி என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அடித்தேன். ஸ்கேலால் முழங்கையில். "எருமமாடு மாதிரி பாக்கா பாரு" என்றேன். ஆறாம் வகுப்புக்கு மேல் அவளே, "நான் மக்குதானப்பா" என்று சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள், தன் உயரம் இவ்வளவு என்று சொல்வது மாதிரி.

அடித்ததிலேயே மறக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் டிராயிங் நோட்டில் ஒரு படம் வரைந்திருந்தாள். ஒரு பிள்ளை படுத்திருக்கிறது. முகத்தில் வலை. சுற்றிலும் மீன். என்ன படம் என்று டீச்சர் கேட்டதற்கு, "எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப முகத்துல வலை போட்டுக் கடலுக்குள்ள வுட்டாங்க, அப்பா கயித்தப் புடிச்சிருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பொய் சொல்லுகிறாள் என்று நோட்டில் சிவப்பில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த வருஷ டீச்சர் வேறு. வசந்தா டீச்சர் இல்லை.

எனக்குப் பயம். எங்கே எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று.

"எவ சொன்னா ஒனக்கு இதெல்லாம்? அது நீ கண்ட கனவு. பொய்யாட்டி சொல்லுத, பொய்யி?" என்று இரண்டு அறை விட்டேன். அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம், "கனவாப்பா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு அவள் மீன் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு. நான் நின்றுபோன அதே வகுப்பு. அதில்தான் அவள் வலிப்பு வந்து விழுந்தாள்.

ஸ்கேனில் மூளையின் உள்பக்கம், இரண்டு பக்கமும், வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன. கடற்பாசி படர்ந்த மாதிரி. நோய்க்கிருமியா, பிறவிக் கோளாறா, உடம்பே தன் நரம்பைத் தாக்குகிற வேறொரு நோயா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். இரத்தம் எடுத்தார்கள். திரும்ப எடுத்தார்கள். கண் டாக்டர் வந்தார். தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். என்னையும் ரோஸ்லினையும் உட்கார வைத்து, சொந்தத்தில் கட்டினீர்களா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று அரை மணி நேரம் கேட்டார்கள். டாக்டரம்மா இன்னும் இரண்டு தடவை வேறு வேறு விதமாகக் கேட்டார். "புத்துநோய்க்கு மருந்து ஏதாவது?" "இல்ல டாக்டர்." ஒரு பொய்யைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும். அடுத்தடுத்துச் சொல்லப் பழக்கம் போதும்.

மூன்றாம் நாள் ரோஸ்லின் என்னை வராந்தாவில் மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்கேருங்க, சொல்லிருங்க. பிள்ளைய இந்தக் குத்துக் குத்துதாவ."

"டீச்சர் நாளைக்கும் வருவா. அவ காதுல வுழுந்தா ஸ்கூல் முழுக்கத் தெரிஞ்சிரும். டீச்சர் வந்து போவட்டும், சொல்லுதேன்."

"டீச்சருக்குப் பயந்தா பிள்ளைய இங்க போட்டுருக்கிய?"

"சத்தம் போடாத ஏளா."

"நான் சொல்லட்டா?"

"நீ சொன்னா நான் கடல்ல வுழுந்துருவேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு நீச்சல் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம்தான் முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். மூளையைச் சுற்றி ஓடும் நீர்தான் முதுகுத்தண்டுக்குள்ளும் இறங்குகிறது. அதை எடுத்துப் பார்த்தால் கிருமி இருக்கிறதா என்று தெரியும். பிள்ளைக்குத் துணையாக ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். நான் போனேன்.

"அந்தப் பக்கம் திரும்பிப் படும்மா," என்றார் டாக்டரம்மா.

அமலி திரும்பிப் படுத்தாள். அதற்கு மேல் யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. அவளாகவே முழங்காலை மடக்கினாள். நாடியை நெஞ்சில் வைத்தாள். முதுகு வில்லாக வளைந்தது. அப்படியே சுருண்டுகொண்டு, சுவரைப் பார்த்தபடி, "இறால்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தவர் நின்றார். "ஏம்மா, உனக்கு இதுக்கு முன்னால இது செஞ்சிருக்காங்களா?"

அமலி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளையைப் பழக்கி வைத்திருந்தேன்.

"டிவில பாத்திருப்பா டாக்டர்," என்றேன்.

ஊசி இறங்கியது. அவள் அழவில்லை. என் கை அவள் பிடரியில் இருந்தது, பழைய இடத்திலேயே.

ஊசி போட்ட பிறகு தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். தலைவலி வரும் என்றார்கள். வந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். ரோஸ்லின் இளநீர் வாங்கப் போயிருந்தாள். அரை மணி நேரத்துக்கு மேலே ஆகியிருக்கும். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா."

"என்னட்டி?"

"நான் அத எந்த சேனல்ல பாத்தேன்?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யை உண்மையாக்க, தன்னிடம் உள்ள ஞாபகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பொருந்துகிற இடம் கிடைக்காமல் என்னிடமே வந்து கேட்கிறாள்.

எழுந்து போனேன். டாக்டரம்மா அறைக்கு வெளியே நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். "டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு நாளாக் கேட்டேனே அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான். அடுத்தபடியாக, "பழைய ஃபைல் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. வீட்டில் பரண்மேல், பழைய தார்ப்பாயில் சுற்றி, நைலான் கயிறு கட்டி வைத்திருந்தேன். மச்சான் எரித்துவிடச் சொன்னான். எனக்குப் பயம், என்றைக்காவது வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று. என் பயத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். கயிற்றை அறுத்ததும் ஃபைலுக்கு மேலே அந்த முகமூடி இருந்தது. கடைசி நாளில் மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தது. என் மகளின் ஐந்து வயது முகம். மூக்கு நுனியில் கொஞ்சம் தூசி. இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஃபைலைப் படித்ததும் டாக்டரம்மா மற்ற சோதனைகளையெல்லாம் நிறுத்தினார். மதுரைக்குப் போன் போட்டுப் பேசினார். அப்புறம் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இந்தத் தடவை ரோஸ்லினையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

"மூளையில ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குச் சேதி போகணும்லா? அதைக் கொண்டுபோற நரம்பு எல்லாம் சேந்த பகுதிதான் வெண்பொருள். ஏன் வெள்ளைன்னா, ஒவ்வொரு நரம்பு இழைக்கு மேலயும் கொழுப்புல ஒரு உறை சுத்தியிருக்கு. உறை இருந்தாத்தான் சேதி வேகமாப் போவும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த உறை இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல கதிர் பட்டா, உறையச் செய்யுற செல்லுக்கும் அங்க உள்ள பொடி ரத்தக்குழாய்க்கும் அடி. அடிபட்டது அன்னைக்கே தெரியாது. வருஷம் போகப் போகத்தான் தெரியும். முதுகுல போட்ட மருந்துக்கும் இதுல பங்கு உண்டு. புரியுதா?"

வாய் வரைக்கும் 'புரியுது' வந்துவிட்டது. விழுங்கினேன்.

"புரியல டாக்டர். நான் எட்டாங் கிளாஸ். இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னார். நான் கேட்டேன்: "அப்ப சேதி போவாதா?"

"போவும். மெதுவாப் போவும். நீங்க கேட்டது அவளுக்குப் போய்ச் சேருது. பதிலும் கெளம்புது. வந்து சேர நேரமாவுது. மக்கு இல்ல அவ."

எங்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மேலிருந்து கயிற்றை ஒரு தடவை இழுத்தால், நல்லா இருக்கியா என்று கேட்பது. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால், இருக்கிறேன் என்று பதில். பதில் வரத் தாமதமானால் உடனே மறுபடி இழுக்கக் கூடாது. கீழே உள்ளவன் இரண்டு கையிலும் சங்கு வைத்திருப்பான். வெடுக்கென்று இழுத்தால் வாயில் கடித்திருக்கும் குழாய் பிடுங்கிக்கொள்ளும். மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். ஊரான் பிள்ளைகளுக்குப் பத்து எண்ணியவன், என் பிள்ளைக்கு மூன்று எண்ணவில்லை.

"அந்தக் கதிர் குடுத்ததே தப்பா டாக்டர்?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"இல்லம்மா. அது குடுத்ததாலதான் அவ இன்னைக்குப் படுத்துக்கிட்டு என்கிட்ட ஐஸ்கிரீம் கேக்கா."

போன உறையை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது என்றார். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை உண்டு. மதுரை செக்கப்பை விடக் கூடாது. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். கரும்பலகையில் எழுதுவதைத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம். "சர்டிபிகேட் நான் தாரேன். ஆனா அதுல உள்ளது உள்ளபடிதான் எழுதுவேன். நீங்க பள்ளிக்கூடத்துல சொல்லணும். அதுக்கு முந்தி பிள்ளைகிட்ட சொல்லணும்."

சாயங்காலம் அமலிக்குத் தலைவலி குறைந்திருந்தது. பையிலிருந்து முகமூடியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சொல்ல வேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"கனவு இல்ல மக்கா," என்றேன். "டிவியும் இல்ல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தையையும் சொன்னேன். ஒரு தடவைக்கு ஒரு காரியம் மட்டும். சொல்லி முடித்து எண்ண ஆரம்பித்தேன். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. அவள் முகமூடியைத் தூக்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியில் முட்டி நின்றுவிட்டது. நாடி வெளியே கிடந்தது. எண்ணிக்கை அறுபது தாண்டியதும் விட்டுவிட்டேன். கயிற்றை இழுக்கவில்லை.

"எம் மூஞ்சி இவ்வளவுதான் இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா."

மறுபடி நேரம் போயிற்று.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல."

"நீங்க அன்னைக்கு அடிச்சிய."

"அடிச்சேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள், இன்னும் முடியவில்லை என்பது மாதிரி. அவளுக்கு இன்னொரு சேதி வந்துகொண்டிருந்தது. நானும் ரோஸ்லினும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஸ்கூல்ல நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா சிரிப்பாவ."

வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் கழித்துப் போனோம். ஹெட்மாஸ்டர் அறையில் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு நைசாகத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். அமலி விடவில்லை. கையைப் பிடித்து எட்டாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முகமூடிப் பை அவள் கையில் இருந்தது.

வசந்தா டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சாக்பீஸை வைத்தார். அமலி முகமூடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முன்பெஞ்சுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஏய், அந்த வலைட்டி!" என்றாள். டிராயிங் நோட்டுப் படம் அவளுக்கு மறக்கவில்லை போல.

"என்ன அமலி இது?" என்று டீச்சர் கேட்டார்.

"அப்பா சொல்லுவாங்க டீச்சர்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும். எட்டாம் வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து நின்று நான் கடைசியாக விழித்தபோதும் இப்படித்தான் பார்த்தார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் எனக்குப் பதிலாகப் பேச வாயெடுத்தார்.

"இருங்க டீச்சர்," என்றாள் அமலி. "வரும்."

என் கையை அவள் விடவில்லை. இழுக்கவும் இல்லை. நான் சொல்ல ஆரம்பிக்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.